துருவும் நினைவும்

மதுரையிலிருந்து திருமங்கலம் செல்லும் நெடுஞ்சாலையில், சுற்றுச்சாலை வந்து கூடும் இடத்தில் இருக்கிறது கப்பலூர். பெயரில் கப்பல் இருந்தாலும் ஊரில் கடல் இல்லை, இரும்பு உண்டு. சிட்கோ தொழிற்பேட்டையின் கொட்டகைகளில் காலை முதல் இரவு வரை இரும்பு அறுபடும், துளையிடப்படும், கடையப்படும். அக்கொட்டகைகளுள் ஒன்றில் இரண்டு லேத் எந்திரங்களை வைத்துத்தான் எங்கள் அப்பா எங்கள் மூவரையும் படிக்க வைத்தார்.

ஐப்பசி மழை பெய்த மறுநாள் காலையில், முற்றத்தில் கிடக்கும் இரும்புத் தகடு சிவந்து போயிருக்கும். அதனால் அப்பா ஒரு நாளும் தவறாமல், எந்திரத்தை நிறுத்திய பிறகு எண்ணெய்த் துணியால் அதன் ஒவ்வோர் உறுப்பையும் துடைத்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவார். "மழை எதுக்குப்பா? காத்துல இருக்கிற ஈரமே போதும், இரும்பைத் தின்னுரும்" என்பார். வேலை இல்லாத நாளிலும் துடைப்பார். துடைப்பதும் வேலைதான் என்பது அவருடைய கணக்கு.

உண்மையான கணக்கு அம்மாவிடம் இருந்தது. நீளமான கணக்கேடு ஒன்றில், யார் எத்தனை புஷ் கடையச் சொன்னார், யார் எவ்வளவு பாக்கி வைத்திருக்கிறார் என்பதையெல்லாம் உருண்டை உருண்டையான எழுத்தில் அம்மா எழுதி வைப்பார். ஏட்டைப் பார்க்காமலே சொல்லவும் செய்வார். பாக்கி வைத்தவர்கள் அப்பாவுக்கு அஞ்சியதைவிட அம்மாவின் நினைவாற்றலுக்கு அஞ்சியதே அதிகம்.

2018ஆம் ஆண்டு சனவரியில் அப்பா மாரடைப்பால் காலமானார். அதன் பின் அம்மா சமையலில் உப்பை இருமுறை போட்டார். கதவைப் பூட்டிவிட்டுச் சாவியை அரிசிப் பானைக்குள் வைத்தார். ஒரே கேள்வியைப் பத்து நிமிடத்தில் நான்கு முறை கேட்டார். அவருக்கு அப்போது வயது 52. துக்கம் என்றே நாங்கள் எண்ணினோம். முப்பதாம் நாள் திருப்பலி முடிந்த பிறகு, வரவு செலவைப் பார்ப்பதற்காக அந்தக் கணக்கேட்டைத் திறந்தபோதுதான் உண்மை தெரிந்தது.

2016ஆம் ஆண்டுப் பக்கங்களில் ஒரே பற்று இரண்டு முறை எழுதப்பட்டு, ஒன்று அடிக்கப்பட்டிருந்தது. அடித்த கோடு அப்பாவுடையது. கூட்டல்கள் பிழையாகி, சாய்ந்த எழுத்தில் திருத்தப்பட்டிருந்தன. பக்கங்கள் நகர நகர அம்மாவின் எழுத்துக் குறைந்து, அப்பாவின் எழுத்துக் கூடியது. கடைசி ஆறு மாதப் பக்கங்கள் முழுவதும் உருண்டை எழுத்தில்தான் இருந்தன. ஆனால் அது அம்மாவின் கை அன்று. அம்மாவின் எழுத்தைப் போலவே எழுத அப்பா பழகியிருந்தார். தம் ஏட்டைத் தாமே எழுதியதாக அம்மா நம்ப வேண்டும் என்பதற்காகவா, நாங்கள் அறிந்துவிடக் கூடாது என்பதற்காகவா என்று கேட்க, அப்பா இல்லை.

*

மதுரையில் நரம்பியல் மருத்துவர் ஒருவர் அம்மாவைப் பரிசோதித்தார். முதலில் தைராய்டு, வைட்டமின் பி12 ஆகியவற்றைப் பார்க்க இரத்தம் எடுத்தார். அவற்றின் குறைபாட்டாலும் மறதி வரும். அந்த மறதியை மருந்தால் சரிசெய்ய இயலும் என்றார். அவை சரியாகவே இருந்தன. அதன் பின் அவர் எங்களிடம் அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. அம்மாவின் வீட்டாரைப் பற்றிக் கேட்டார்.

அம்மாவின் தந்தை ஐம்பத்தைந்து வயதில் தம் வயலுக்கு வழி தெரியாமல் அலைந்தவர். பித்து என்றார்கள், செய்வினை என்றார்கள். எங்கள் தாய்மாமா ஐம்பத்து மூன்றில் வேலையை விட்டு நின்றார். குடி என்றார்கள், அவர் குடித்ததே இல்லை. மருத்துவர் ஒரு தாளில் ஆணுக்குச் சதுரமும் பெண்ணுக்கு வட்டமுமாக வரைந்து கொண்டே வந்தார். தாத்தாவின் சதுரத்தைக் கறுப்பாக்கினார். மாமாவின் சதுரத்தைக் கறுப்பாக்கினார். அம்மாவின் வட்டத்தைக் கறுப்பாக்கினார். அதற்குக் கீழே ஒரு சதுரமும் இரண்டு வட்டங்களும் வரைந்து, அவற்றை வெறுமையாக விட்டார். அந்த மூன்றும் நாங்கள்.

2019இல் அம்மாவின் இரத்தம் மரபணுச் சோதனைக்கு அனுப்பப்பட்டது. பதினான்காம் குரோமோசோமில் உள்ள பிரிசெனிலின்-1 என்னும் மரபணுவில் ஒரு மாற்றம் இருப்பதாக விடை வந்தது. பரம்பரை அல்சைமர் நோய் என்றார்கள்.

இங்கே வாசகர்களுக்கு ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வீட்டில் முதியவர் ஒருவருக்கு மறதி கண்டதும், இது நம் பரம்பரைக்கே வரும் என்று அஞ்ச வேண்டியதில்லை. அல்சைமர் நோயாளிகளுள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவானவர்களுக்கே இவ்வாறு ஒரே மரபணுவின் பிழையால் நோய் வருகிறது. மற்றவர்களுக்கு முதுமையும் வேறு பல காரணங்களும் கூடிவருகின்றன. பரம்பரை வகையில் மூன்று மரபணுக்கள் இதுவரை உறுதியாக அறியப்பட்டுள்ளன. 21ஆம் குரோமோசோமில் உள்ள அமிலாய்டு முன்னோடிப் புரத மரபணுவில் நோய் தரும் பிழை 1991இல் கண்டறியப்பட்டது. பிரிசெனிலின்-1, பிரிசெனிலின்-2 ஆகிய இரண்டும் 1995இல் கண்டறியப்பட்டன. பிழையுள்ள மரபணு பெற்றோரில் ஒருவரிடம் இருந்தால், பிள்ளை ஒவ்வொருவருக்கும் அது வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு. மூவரில் ஒன்றரைப் பேருக்கு என்று இதற்குப் பொருள் இல்லை. மூவருக்கும் வரலாம், ஒருவருக்கும் வராமலும் போகலாம். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே காசு சுண்டப்பட்டாயிற்று. விழுந்த காசின் மேல் கை மூடியிருக்கிறது. அவ்வளவுதான்.

*

அந்த மருத்துவர் பொறுமையானவர். நாங்கள் லேத் பட்டறைக்காரர்கள் என்று அறிந்ததும், எங்கள் மொழியிலேயே நோயை விளக்கினார். "துருப் பிடிக்கிறது உங்களுக்குத் தெரியுமே" என்று தொடங்கினார்.

உடலின் எடையில் மூளை நூற்றில் இரண்டு பங்குதான். ஆயினும் நாம் உள்வாங்கும் ஆக்சிஜனில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை அது செலவழிக்கிறது. உயிரணுக்களுக்குள் மைட்டோகாண்டிரியா என்னும் நுண்ணிய உலைகள் ஆக்சிஜனைக் கொண்டு ஆற்றலை உண்டாக்குகின்றன. உலை என்றால் தீப்பொறி தெறிக்கும். அவ்வாறு தெறிப்பவையே தனி உறுப்புகள் எனப்படும் அடங்காத மூலக்கூறுகள். அருகிலுள்ள கொழுப்பையும் புரதத்தையும் மரபுப் பொருளையும் அவை தாக்குகின்றன. இரும்பும் செம்பும் அருகில் இருந்தால் தாக்குதல் இன்னும் கடுமையாகும். மூளையோ எளிதில் கெடக்கூடிய கொழுப்பு நிறைந்த உறுப்பு.

இந்தத் தீப்பொறிகளை அணைக்க உயிரணுவிலேயே காவலர்கள் உண்டு. சூப்பராக்சைடு டிஸ்மியூட்டேஸ், கேட்டலேஸ், குளுட்டாதயோன் பெராக்சிடேஸ் ஆகிய நொதிகள் ஒருபுறம்; குளுட்டாதயோன், வைட்டமின் சி, வைட்டமின் இ ஆகியவை மறுபுறம். இவற்றையே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள் என்கிறோம். கடைத்தெருவில் ஆன்ட்டி ஆக்சிடென்ட் என்கிறார்கள். பொறி மிகுந்து காவல் குறையும் நிலைக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தம் என்று பெயர். அப்பா இரவில் எந்திரத்தைத் துடைக்காமல் வந்துவிட்டால் என்ன நேருமோ, அதுதான்.

பிரிசெனிலின் என்பது ஒரு கத்தரிக்கோலின் பகுதி. நரம்பணுவின் மேலுறையில் உள்ள ஒரு நீண்ட புரதத்தை அது வெட்டுகிறது. கத்தரிக்கோல் பிழையானால் வெட்டும் இடமும் பிழையாகி, எளிதில் ஒட்டிக்கொள்ளும் அமிலாய்டு துண்டுகள் கூடுதலாக விழுகின்றன. அத்துண்டுகள் செம்பையும் இரும்பையும் பற்றிக்கொண்டு மேலும் பொறிகளை உண்டாக்குகின்றன. பொறிகள் மேலும் துண்டுகளை வளர்க்கின்றன. துரு துருவை வளர்ப்பது போலத்தான்.

இது மூளையோடு நிற்கவில்லை என்பதே எங்களை உலுக்கிய செய்தி. இத்தாலியின் பிளாரன்ஸ் நகர ஆய்வாளர்கள் 2002இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பரம்பரை அல்சைமர் உள்ள குடும்பங்களைச் சேர்ந்த நோயாளிகளின் தோல் உயிரணுக்களையும் வெள்ளணுக்களையும் வளர்த்துச் சோதித்தார்கள். நலமானவர்களின் உயிரணுக்களோடு ஒப்பிட, இவற்றில் ஆக்சிஜன் சேதத்தின் தடயங்கள் மிகுந்தும், தடுக்கும் ஆற்றல் குறைந்தும் இருந்தன. அதாவது, மறதி மூளையில் இருந்தாலும் காவற்குறை உடலெங்கும் எழுதப்பட்டிருக்கிறது, முழங்கைத் தோலில்கூட. அன்று வீடு திரும்பும் பேருந்தில் நாங்கள் மூவரும் எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டு வந்தோம்.

*

காவல்தான் குறைவு என்றால், காவலை விலைக்கு வாங்கலாமே? இப்படித்தான் மனித மனம் கணக்கிடுகிறது. அந்த மனத்தை நன்கு அறிந்த உறவினர் ஒருவர் எங்கள் வீட்டுக்கு ஒரு டப்பாவோடு வந்தார். மஞ்சள், திராட்சை விதை, வைட்டமின்கள் எல்லாம் கலந்த பொடி; மாதம் நாலாயிரத்து எண்ணூறு ரூபாய். டப்பாவின் மேல் ஆன்ட்டி ஆக்சிடென்ட் என்று மூன்று இடத்தில் அச்சிட்டிருந்தது. ஆறு மாதத்தில் அம்மா பழைய கணக்கையெல்லாம் ஒப்பிப்பார் என்றார். வாங்கினோம்.

அம்மாவுக்குக் காலையில் ஒரு கரண்டி, இரவில் ஒரு கரண்டி. முப்பது நாளுக்கு வரவேண்டிய டப்பா பன்னிரண்டாம் நாளே தீர்ந்தது. அடுத்ததும் அப்படியே. அம்மா மறந்துபோய் மீண்டும் மீண்டும் எடுத்துத் தின்கிறார் என்று எண்ணி, டப்பாவை உயரத்தில் வைத்தோம். அப்போதும் தீர்ந்தது. ஓர் இரவு, எங்களில் இளையவள் நாற்காலி போட்டு ஏறி டப்பாவைத் திறக்கும்போது மூத்தவர் பார்த்துவிட்டார். அவரும் அதற்காகவே அடுப்படிக்கு வந்திருந்தார். சத்தம் கேட்டு எழுந்து வந்த நடுவளின் கையில் ஏற்கெனவே ஒரு கரண்டி இருந்தது. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம், பிறகு சிரித்தோம். சிரித்து முடித்ததும், அப்பா இறந்த நாளுக்குப் பிறகு முதன்முறையாக மூவரும் சேர்ந்து அழுதோம்.

அந்த இரவு வரை நாங்கள் அஞ்சியதை ஒருவருக்கொருவர் சொன்னதில்லை. அம்மாவுக்காக அஞ்சுவதாகவே மூவரும் காட்டிக்கொண்டிருந்தோம்.

மறுவாரம் டப்பாவை மருத்துவரிடம் கொண்டு சென்றோம். அவர் எங்களைக் கடியவில்லை. "இந்தக் கேள்வியை உலகமே கேட்டுப் பார்த்துவிட்டது" என்றார். அவர் சொன்னவற்றையும், பின்னர் நாங்கள் தேடி அறிந்தவற்றையும் இங்கே தருகிறோம். இத்தகைய டப்பாக்கள் எல்லா ஊர்களுக்கும் வருகின்றன அல்லவா?

அமெரிக்காவில் 1997இல் வெளிவந்த ஆய்வில், அல்சைமர் நோய் நடுத்தர அளவில் முற்றிய 341 பேர் பங்கேற்றனர். நாள்தோறும் 2000 அலகு வைட்டமின் இ பெற்றவர்களுக்கு அன்றாட ஆற்றல் குன்றுவது சற்றுத் தாமதமானது, நினைவு திரும்பவில்லை. 2014இல் முன்னாள் படைவீரர் 613 பேரிடம் நடத்திய ஆய்வும் ஏறத்தாழ இதையே காட்டியது: உண்பது, உடுத்துவது போன்ற செயல்களில் சுமார் ஆறு மாதத் தாமதம், நினைவுச் சோதனையில் மாற்றமில்லை. நோய் தொடங்குமுன் சிறு மறதி மட்டும் உள்ளவர்களுக்குக் கொடுத்துப் பார்த்த 2005ஆம் ஆண்டு ஆய்வில், மூன்று ஆண்டு முடிவில் வைட்டமின் இ நோயைத் தடுக்கவில்லை. வைட்டமின் இ, வைட்டமின் சி, லிபோயிக் அமிலம் மூன்றையும் சேர்த்துக் கொடுத்த 2012ஆம் ஆண்டு ஆய்வு இன்னும் வியப்பானது. தண்டுவட நீரில் ஆக்சிஜன் சேதத்தின் அடையாளம் குறைந்தது. ஆனால் அதே நோயாளிகளின் நினைவுத்திறன் மற்றவர்களைவிட விரைவாகக் குன்றியது. துரு குறைந்தது, எந்திரம் ஓடவில்லை.

இவையெல்லாம் பொதுவான வகை அல்சைமர் நோயாளிகளிடம் நடந்தவை. டவுன் நோய்க்கூறுடன் பிறந்தவர்களிடமும் ஓர் ஆய்வு நடந்தது. அவர்களுக்கு 21ஆம் குரோமோசோம் மூன்று படியாக இருப்பதால், அமிலாய்டு முன்னோடிப் புரதமும் மிகுதியாகச் சுரக்கிறது. நடுவயதிலேயே பலருக்கு அல்சைமர் வருகிறது. 2011இல் வெளியான அந்த ஆய்வில், இரண்டு ஆண்டுகள் இதே மூன்று பொருள்களைக் கொடுத்தும் பயன் காணவில்லை.

மஞ்சளின் கதை நமக்கு நெருக்கமானது. அரியானாவின் பல்லப்கர் சிற்றூர்களில் நடந்து 2001இல் வெளியான ஆய்வு, 65 வயதைக் கடந்தவர்களுள் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஏறத்தாழ ஐவருக்கு மட்டுமே அல்சைமர் புதிதாக வருவதைக் கண்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் அதே முறையில் பார்த்தபோது அது பதினேழுக்கும் மேல். அதே ஆண்டு, எலிகளின் மூளையில் மஞ்சளின் குர்க்குமின் சேதத்தைக் குறைத்ததாகக் கலிபோர்னியாவிலிருந்து செய்தி வந்தது. இரண்டையும் முடிச்சுப் போட்டு, இந்தியரைக் காப்பது மஞ்சள்தான் என்று பலர் எழுதினார்கள். பல்லப்கர் ஆய்வாளர்களோ அவ்வாறு சொல்லவில்லை. குறைந்த ஆயுட்காலமும், கண்காணித்த காலம் குறுகியதாக இருந்ததும் காரணமாகலாம் என்றே எச்சரித்தார்கள். நோயாளிகளுக்குக் குர்க்குமின் கொடுத்து ஹாங்காங்கில் 2008இலும் அமெரிக்காவில் 2012இலும் வெளியான ஆய்வுகளில் பயன் தெரியவில்லை. விழுங்கிய குர்க்குமினில் மிகச் சிறு அளவே இரத்தத்தில் கலந்தது.

அப்படியானால் காவற்குறை என்பது பொய்யா? இல்லை, அது மெய். ஆனால் நோயின் அடையாளம் வெளிப்படுவதற்கு இருபது ஆண்டுகள் முன்னரே மூளையில் மாற்றங்கள் தொடங்கிவிடுகின்றன. சேதம் உலைக்குள்ளேயே நிகழ்கிறது. வாயில் போடும் பொடி அந்த உலை வரை போதிய அளவில் சென்று சேர்வதில்லை. மேலும், அந்தத் தீப்பொறிகளில் சிலவற்றை உடலே கிருமிகளை எதிர்க்கவும் செய்தி அனுப்பவும் பயன்படுத்துகிறது. அளவின்றி அணைப்பதும் தீங்கே. மிகுந்த அளவு வைட்டமின் இ இரத்தக் கசிவை உண்டாக்கலாம் என்பதால், மருத்துவர் சொல்லாமல் அதைத் தொடக் கூடாது. நெல்லிக்காயும் முருங்கைக்கீரையும் மஞ்சளும் நல்ல உணவுகள். உணவாகவே உண்போம். நடப்போம், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் கட்டுக்குள் வைப்போம். ஆனால் குணப்படுத்தும் மருந்தில்லாத நோய்க்கு மருந்தென்று சொல்லி விற்கப்படுவதை வாங்கி, பராமரிப்புக்கு ஆகும் பணத்தை இழக்க வேண்டாம். எட்டு மாதம் அந்த டப்பாவுக்குக் கொடுத்த பணத்தில், பகலில் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓர் உதவியாளரை நாங்கள் அமர்த்தியிருக்கலாம். பிறகு அமர்த்தினோம்.

*

அடுத்து வந்தது பெரிய கேள்வி. மூடிய கையைத் திறந்து பார்ப்பதா?

எங்கள் இரத்தத்தையும் சோதிக்க இயலும். சோதனைக்கு முன் மரபணு ஆலோசகர் ஒருவர் எங்களோடு இரண்டு முறை பேசினார். அறிந்துகொள்ள உரிமை இருப்பது போலவே அறியாதிருக்கவும் உரிமை உண்டு என்றார். ஒருவர் அறிந்துகொள்வதால் மற்றவர் அறிய நேர்ந்துவிடக் கூடாது என்றும் சொன்னார்.

அப்போது அவர் சொன்ன செய்தி ஒன்றை நாங்கள் மறக்கவில்லை. தென் அமெரிக்காவில் கொலம்பியா நாட்டின் அந்தியோக்கியா மலைப்பகுதியில் ஒரு பெருங்குடும்பம் இருக்கிறது. ஆயிரக்கணக்கானோர், எங்கள் அம்மாவுக்கு உள்ள அதே பிரிசெனிலின்-1 மரபணுவில் வேறொரு பிழை. நாற்பதுகளின் நடுவிலேயே நினைவு நழுவத் தொடங்கும். பிரான்சிஸ்கோ லொப்பேரா என்னும் மருத்துவர் 1980களில் அவர்களைக் கண்டறிந்து, 2024இல் தாம் இறக்கும்வரை அவர்களோடு உழைத்தார். 2013இல் அங்கே தொடங்கிய மருந்துச் சோதனையில் 252 பேர் சேர்ந்தனர். பிழை உள்ளவர்களை மட்டும் சேர்த்தால், சேர்க்கப்பட்டவர் எவருக்கும் தம் விதி தெரிந்துவிடும். எனவே பிழை இல்லாதவர்களையும் சேர்த்துக்கொண்டு, அவர்களுக்கு மருந்தில்லாத ஊசியைப் போட்டார்கள். தமக்கு நோய் வருமா என்று அறிய விரும்பாதவர்களும் அறியாமலே தம் குடும்பத்துக்காகப் பங்கேற்க முடிந்தது. தமக்குப் பிழையே இல்லாதிருந்தும், உடன்பிறந்தவரின் மறைவைக் காப்பதற்காக ஆண்டுக்கணக்கில் வெறும் ஊசி போட்டுக்கொண்டவர்கள் அவர்கள். 2022இல் முடிவு வந்தது. மருந்து நோயைத் தடுக்கவில்லை. ஆனாலும் அந்தக் குடும்பம் ஆய்வை விட்டு விலகவில்லை.

அக்குடும்பத்தில் ஒரு பெண்மணிக்கு மரபணுப் பிழை இருந்தும், எழுபதுகள் வரை நோய் தோன்றவில்லை என்பதை 2019இல் ஆய்வாளர்கள் வெளியிட்டனர். வேறொரு மரபணுவில் அவருக்கிருந்த அரிய மாற்றம் அவரைக் காத்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். எழுதப்பட்டதை மாற்றி எழுதும் மற்றொரு கை உடலுக்குள்ளேயே இருக்கக்கூடும் என்பதை அவரால் உலகம் அறிந்தது.

எங்களில் இளையவளுக்கு 2023இல் திருமணம் பேசினார்கள். கோயிலில் ஓலை வாசிக்கப்படும். தடை ஏதும் இருந்தால் அறிவிக்கும்படி மக்களைக் கேட்பார்கள். இது தடையா? உறவினர்கள் பலரும் சொல்லாதே என்றார்கள். சொன்னால் அவளுக்கு மட்டுமன்று, மற்ற இருவரின் பிள்ளைகளுக்கும் நாளை வரன் அமையாது என்றார்கள். அவர்கள் சொன்னதிலும் அன்பு இருந்தது. ஆனால் முதல் ஓலைக்கு முந்தின வாரம், அவளே அந்த இளைஞரைத் திருமங்கலத்தில் சந்தித்து, மருத்துவர் வரைந்த தாளைக் காட்டினாள். அந்த வெற்று வட்டத்தைத் தொட்டு, "இது நான்" என்றாள்.

அவர் நெடுநேரம் பேசவில்லையாம். பிறகு, "சோதனை செய்யப் போறீங்களா?" என்று கேட்டாராம். "இப்போ இல்லை" என்றாளாம். இரண்டு நாள் கழித்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். எங்களிடம் எதுவும் சொல்லவில்லை. அம்மாவின் அருகில் அமர்ந்து, அம்மா ஐந்தாறு முறை கேட்ட "தம்பி எந்த ஊரு?" என்ற கேள்விக்கு ஐந்தாறு முறையும் புதிதாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்த ஞாயிறு முதல் ஓலை வாசிக்கப்பட்டது.

சோதனையைப் பற்றி நாங்கள் செய்த முடிவு இதுதான்: எங்களில் எவரேனும் என்றேனும் அறிந்துகொள்ள விரும்பினால் அறிந்துகொள்ளலாம், மற்ற இருவரிடம் சொல்ல வேண்டியதில்லை. ஒருவேளை எங்களில் ஒருவர் இதற்குள் அறிந்திருக்கவும் கூடும். நாங்கள் கேட்பதில்லை. இந்தக் கட்டுரையில் நாங்கள் என்று எழுதுவதற்கும் அதுவே காரணம்.

*

இப்போது அம்மாவுக்கு எங்கள் பெயர்கள் தெரியாது. மாலையில் செபமாலை சொல்லும்போது முற்பாதியை நாங்கள் சொன்னால் பிற்பாதியை அவர் சொல்கிறார். எத்தனையாவது மணி என்பதுதான் தெரிவதில்லை. அப்பா எங்கே என்று முன்பெல்லாம் கேட்பார். இறந்துவிட்டார் என்று சொன்ன ஒவ்வொரு முறையும், அப்போதுதான் முதன்முதலாகக் கேட்பவர் போல அழுதார். பிறகு, "பட்டறையில எந்திரத்தைத் தொடச்சுக்கிட்டிருக்காரும்மா" என்று சொல்லத் தொடங்கினோம். அது பொய்யா என்று எங்கள் பங்குத்தந்தையிடம் கேட்டோம். அவர் சற்று யோசித்து, அம்மா தேடுவது தகவலையா துணையையா என்று திருப்பிக் கேட்டார்.

அப்பாவின் கணக்கேட்டில் எழுதாத பக்கங்கள் மீதமிருந்தன. அவற்றில் இப்போது நாங்கள் மூவரும் முறை வைத்து எழுதுகிறோம்: அம்மா என்ன உண்டார், எத்தனை மணி உறங்கினார், எந்த மாத்திரை கொடுக்கப்பட்டது, எங்கே தடுமாறினார். எங்களில் ஒருவர் சென்ற மாதம் ஒரே மாத்திரையை இரண்டு முறை எழுதிவிட்டார். வேலைக் களைப்பாக இருக்கலாம். மறுநாள் முறைக்காரர் அதை ஒரு கோட்டால் அடித்துவிட்டு, எதுவும் சொல்லாமல் தம் வரியைக் கீழே எழுதினார்.

மாலை ஆறு மணிக்கு லேத்தை நிறுத்துகிறோம். அம்மாவைப் பட்டறைக்கு அழைத்து வந்து நாற்காலியில் அமர்த்துகிறோம். எண்ணெய்த் துணியைக் கையில் கொடுத்தால், எட்டும் இடத்தையெல்லாம் துடைக்கிறார். துடைத்த இடத்தையே மீண்டும் துடைக்கிறார். எட்டாத இடத்தை நாங்கள் துடைக்கிறோம். பிறகு விளக்கை அணைத்துவிட்டு, அம்மாவை நடுவில் விட்டு வீட்டுக்கு நடக்கிறோம்.